பாட்டுக்கு அடியில் ஒரு சத்தம்

“நீங்களே காதுல வச்சுக் கேளுங்க” என்று அந்தச் சின்னக் கருவியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார் எடையளவு ஆய்வாளர். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். மேசைக்கு உள்ளே அடுக்கியிருந்த கைக்கடிகாரங்கள் எல்லாம் ஒருமுறை குலுங்கி நின்றன.

விற்பனைப் பெண் இயர்போனை எடுத்துத் துடைத்துக் காதில் செருகிக்கொண்டாள். சற்று நேரம் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

“நல்லாத்தானே சார் இருக்கு. குரல் தேன் மாதிரி இருக்கு.”

“குரலை விடும்மா. குரலுக்கு அடியில கேளு.”

“அடியிலயா?”

“ஆமா. தண்ணி இறைக்கிற மோட்டார்ல காத்து புகுந்துட்டா ஒரு உறுமல் வருமே, அந்த மாதிரி. விட்டு விட்டு வருது பாரு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டாள். இந்தத் தடவை அவள் புருவம் லேசாகச் சுருங்கியது. நேர்மையான பெண். இல்லாததை இருக்கிறது என்றோ, இருப்பதை இல்லை என்றோ சொல்ல அவளுக்கு வராது. விற்பனை வேலையில் அது ஒரு குறைதான்.

“ஏதோ கேக்குது சார். ஆனா மெஷின்ல இருக்காதுன்னு தோணுது. இதுலயே நாங்க ஒரு டெமோ பாட்டு வச்சிருக்கோம். அதைப் போட்டுக் காட்டறேன். அதுல அந்தச் சத்தம் வருதான்னு பாருங்க.”

“வராது.”

“கேக்காமலே சொல்றீங்களே சார்.”

“வராதும்மா. கடைக்காரர் எடுத்து நீட்டுற எடைக்கல்லு என்னைக்காவது குறைஞ்சிருக்கா? நான் வருஷக்கணக்கா பாக்கறேன். தராசைச் சோதிக்கணும்னா என் கல்லைத்தான் தட்டுல வைப்பேன். கடைக்காரர் கல்லைத் தொட மாட்டேன்.”

இதுதான் ஆய்வாளரின் தொழில் வேதம். கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளையும் அளவைகளையும் சோதிப்பது அவர் வேலை. அரசாங்கம் கொடுத்த பித்தளை எடைக்கற்களை வெல்வெட் வைத்த பெட்டியில் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போவார். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கும் ‘எடைக்கல்’ என்றே பெயர். யாரிடமும் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கோபம் வந்தால் அதற்குக் கடிவாளம் கிடையாது. தப்புச் செய்கிறவனாவது நடுவில் ஒரு தரம் தன்னைத் திரும்பிப் பார்த்துக்கொள்வான். நியாயஸ்தனுக்கு அந்தத் தேவையே வருவதில்லை.

இப்போது அவர் கையில் இருந்த எடைக்கல், அவர் மனைவியின் மெமரி கார்டு. அதில் இருந்தது ஒரே ஒரு பாட்டு.

அவர் மனைவி மருத்துவமனையில் செவிலி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் படிப்புக்காக அவளைத் தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஒரு வருடம் அனுப்புகிறார்கள். தங்கும் அறையும் அந்தக் கட்டடத்திலேயே இருந்தது. உள்ளே நுட்பமான இயந்திரங்கள் ஓடுவதால் கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெறும் பாட்டுக் கருவி என்றால் தடையில்லை.

இது தெரிந்த அன்று அவள் கணவரிடம் வந்து நின்றாள்.

“என்னங்க, ஒரு சின்னப் பாட்டு மெஷின் வாங்கித் தர்றீங்களா? சத்தம் நல்லா இருக்கணும். மெல்லிசான சத்தம்கூட விட்டுப்போகாம கேக்கணும். அது ஒண்ணுதான் முக்கியம்.”

ஆய்வாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தனக்கென்று வாய்விட்டு எதையும் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. சட்டையில் பொத்தான் இல்லை என்று அவர் கத்துவதற்கு முன்பே பொத்தான் வந்துவிடும். ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

எதற்குக் கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். இரவுப் பணி முடிந்து காலையில் வருவாள். அவர் அலுவலகத்துக்குக் கிளம்பிப் போன பிறகு படுப்பாள். அந்த ஒரு பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டால்தான் தூக்கம் வரும். இல்லாவிட்டால் புரண்டு புரண்டு கிடந்துவிட்டு எழுந்து பாத்திரம் தேய்ப்பாள். ஒரு வருடம் தூங்காமல் இருந்தால் என்ன ஆவது? உள்ளங்கை அளவு குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டிய கை அது. தூக்கமில்லாமல் நடுங்கலாமா? அந்த எண்ணம் வந்ததிலிருந்து ஆய்வாளர் நல்ல பாட்டுக் கருவி வாங்குவதை ஒரு தெய்வ காரியமாகவே எடுத்துக்கொண்டார்.

முதல் கருவியை வாங்கி வந்த அன்று மனைவி அதைக் காதில் மாட்டிக்கொண்டாள். கண்கள் தாமாக மூடின. உதட்டோரம் ஒரு சிரிப்பு.

“போதும்ங்க. பழைய போனைவிட நல்லாக் கேக்குது. இதுவே போதும்.”

அத்தோடு விட்டிருக்கலாம். ஆய்வாளர் ஒரு பொருளைச் சோதிக்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. ஒரு பக்கத்து இயர்போனை வாங்கித் தன் காதில் செருகினார்.

“என்னம்மா சத்தம் இது?”

“எது?”

“அடியில. ஏதோ உறுமுது.”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“அதுவா. அது இருந்துட்டுப் போகட்டுங்க.”

“இருந்துட்டுப் போகட்டுமா?”

“எனக்கு அது தொந்தரவா இல்லைங்க.”

“உனக்கு எதுதான் தொந்தரவு? அழுகின தக்காளியைக் குடுத்தாலும் வாங்கிட்டு வந்து, பாவம் அவனுக்கும் வீடு இருக்குல்லன்னு சொல்லுவ. உன்னை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதான் ஊர்ல அத்தனை தராசும் ஒரு பக்கமா சாயுது.”

அவர் மெமரி கார்டை அவளுடைய பழைய கைப்பேசியில் போட்டு, இயர்போன் இல்லாமல் வெளியே ஒலிக்கவிட்டுப் பார்த்தார். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பெண்குரல் மட்டும் கொசுவைப் போலக் கேட்டது. உறுமல் இல்லவே இல்லை. ஆய்வாளருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“பாத்தியா? இந்தப் பழைய டப்பாவுல இல்லாத சத்தம் புது மெஷின்ல எப்படி வரும்?”

“என்னங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்—”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ சொல்ல மாட்டேங்கறதாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு.”

இப்படித்தான் அவர் இந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

கடை முதலாளி உள்ளிருந்து வந்தார். நெற்றியில் எப்போதும் ஒரு மன்னிப்பை எழுதி வைத்திருக்கிறவர் போன்ற வயதானவர். முழுக் கதையையும் நின்றபடியே கேட்டார்.

“பாட்டு எங்கேருந்து எடுத்தது சார்? ஒரிஜினல்தானா?”

“என் சம்சாரம் வச்சிருந்தது. அவகிட்ட டூப்ளிகேட் எதுவும் இருக்காது.”

முதலாளி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மனிதர் தம் மனைவியைப் பற்றி அப்படிச் சொல்லும்போது குறுக்கே பேசுவது அவருக்குச் சரியாகப்படவில்லை. “இதைவிட உசத்தியானது ஒண்ணு இருக்கு. மாத்திக் குடும்மா” என்று மட்டும் சொன்னார்.

உசத்தியான கருவி வீட்டுக்கு வந்தது. அதில் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. பாடுகிறவள் மூச்சு இழுப்பதும், பின்னணியில் குழல் ஊதுகிறவர் விரலை எடுப்பதும் கேட்டன.

உறுமலும் வளர்ந்திருந்தது. முன்பு அடுத்த தெருவில் ஓடிய மோட்டார் இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

மனைவி கேட்டுவிட்டு, “ஐயோ, எவ்வளவு தெளிவா இருக்கு” என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“பாத்தியா, உனக்கே அழுகை வருது” என்றார் ஆய்வாளர்.

“அதில்லைங்க. இது ரொம்பப் பிடிச்சிருக்கு. இதைத் திருப்பிக் குடுக்காதீங்க.”

“நல்ல மனசுன்னா அதுக்கும் ஒரு அளவு வேணும்மா. பொய் சொல்ற அளவுக்குப் போகக் கூடாது.”

மறுநாள் அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. எதிர் மேசை எழுத்தரைக் கூப்பிட்டு இயர்போனை நீட்டினார்.

எழுத்தர் பாதிப் பாட்டைக் கேட்டார். “சார், ஒரு லாரி மேட்டுல ஏறுது.”

“ஏறிச்சா?”

“இல்ல சார். ஏறப் பாக்குது, நிக்குது. மறுபடி ஏறப் பாக்குது. எனக்கே மூச்சு முட்டுது.”

“அந்தக் கடைக்கு சீல் வைக்கப் போறேன்.”

எழுத்தர் இயர்போனைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்தார். “வைக்கலாம் சார். ஆனா நம்ம சட்டத்துல சத்தம் வரலையே. கிலோ இருக்கு, லிட்டர் இருக்கு, மீட்டர் இருக்கு. உறுமலை எந்தக் கல்லைப் போட்டு நிறுக்கறதுன்னு மேலேருந்து கேட்டா என்ன எழுதறது?”

“அளவு மீறிக் குடுத்தா குத்தம் இல்லையா?”

“குறைச்சுக் குடுத்தாத்தான் சார் குத்தம். இவங்க பாட்டோட சேர்த்து ஒரு லாரியும் குடுத்திருக்காங்க.”

மற்ற மேசைகளில் சிரிப்பைத் தாள்களால் மறைத்துக்கொண்டார்கள். ஆய்வாளர் இரண்டாவது கருவியையும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு நடந்தார்.

அன்று கடையில் இன்னொரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பெரிய ஹெட்போன் ஒன்றை மாலையாகப் போட்டிருந்தார். ஒலி விஷயத்தில் கரைகண்டவர். ஒரு ஒயரைப் பற்றியே உட்கார்ந்த இடத்தில் பாதி நாள் பேசக்கூடியவர். முதலாளி அவருக்காகவே கடையில் ஒரு மெத்தை நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

ஆய்வாளரின் புகாரை முழுவதும் கேட்டுவிட்டு அவர் இரக்கத்தோடு தலையசைத்தார்.

“சார், நீங்க வாங்கினது எல்லாம் நடுத்தரம். நடுத்தரம்தான் மனுஷனைக் கெடுக்கும். கடையில இருக்கறதுலயே பெருசை எடுத்துப் போடுங்க. சத்தம் பிரிஞ்சு பிரிஞ்சு வரும். எது பாட்டு, எது கோளாறுன்னு பளிச்சுனு தெரிஞ்சுடும்.”

விற்பனைப் பெண் உள்ளே போய்ப் பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தாள். கருவி கையடக்கம்தான். ஆனால் அதோடு மாட்ட வேண்டிய ஹெட்போன் இரண்டு தேங்காய் மூடி அளவு இருந்தது. கரைகண்டவர் முதலில் தாமே கேட்பதாகக் கையை நீட்டினார்.

மெமரி கார்டு போடப்பட்டது. பாட்டு தொடங்கியது. கடை முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் முகம் மெல்ல மாறியது. தலை சாய்ந்தது. வலது கை தானாக எழுந்து காற்றில் ஏதோ ஒன்றை மெதுவாக இழுத்தது, நிறுத்தியது, மறுபடி இழுத்தது.

“ஆகா” என்றார். “யார் சார் இது அடியில வாசிக்கிறது?”

“வாசிக்கிறதா?”

“கனத்த நரம்பு போட்ட பெரிய வாத்தியம் சார். ஆள் உசரம் இருக்கும். வில்லை வச்சு இழுக்கறார். இழுத்துட்டு அப்படியே நிறுத்தறார் பாருங்க, அந்த நிறுத்தம்தான் சார் கலை. சின்னப் பசங்களுக்கு அது வராது. மறுபடி எப்ப எடுப்பாரோன்னு நாம தவிச்சுப் போறோம், அப்ப நிதானமா எடுக்கறார்.”

“அது கோளாறு.”

“கோளாறா? சார், நான் எத்தனையோ பேர் வாசிச்சுக் கேட்டிருக்கேன். இந்த மாதிரி கவலையே இல்லாத வாசிப்பைக் கேட்டதில்லை. கூடப் பாடற அம்மா என்ன பாடறாங்கன்னு இவர் கண்டுக்கவே இல்லை பாருங்க. தாளமே வேற. ஞானி சார் இவர்.”

ஆய்வாளர் ஹெட்போனைப் பிடுங்கித் தம் தலையில் மாட்டிக்கொண்டார். உடனே இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் இல்லை, லாரியும் இல்லை. மண்டைக்கு நடுவில் ஒரு காண்டாமிருகம் படுத்திருந்தது.

“இது உங்களுக்குக் கலையா?” அவர் குரல் கடைக்கு வெளியே நடைபாதைவரை போயிற்று. “நாளைக்கு ஒருத்தன் அரிசியில கல்லைக் கலந்து குடுத்தா, ஆகா, என்ன ஒரு வாசிப்புன்னு சாப்பிடுவீங்களா? விலையை ஏத்திட்டே போறீங்க, சத்தமும் ஏறிட்டே போகுது. ஒரு நர்ஸ் தூங்கறதுக்காகக் கேக்கறா. ஒரு பாவமும் அறியாதவ. அவளை ஏமாத்தறதுக்கு எப்படி மனசு வருது? நான் எழுத்து மூலமா புகார் குடுக்கப் போறேன். முதலாளி பேரு, இந்தப் பொண்ணு பேரு, எல்லாம் வரும்.”

விற்பனைப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

முதலாளி மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். “சார், என் பேரை எழுதுங்க. பொண்ணு பேரை எழுதாதீங்க. அவ சொன்ன சொல்லு ஒண்ணும் தப்பில்லை. இந்தப் பெரிய மெஷினை நீங்க எடுத்துட்டுப் போங்க. உங்க சம்சாரம் ஒரு வாரம் கேட்டுப் பாக்கட்டும். பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க. பிடிச்சிருந்தா மீதியைப் பேசிக்கலாம்.”

இதற்கு எப்படிக் கோபப்படுவது என்று ஆய்வாளருக்குத் தெரியவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. பெட்டியை இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்தான். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

“சார், எங்க அண்ணன் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துல வேலை பாக்கறார். பாட்டுலேருந்து வேண்டாத சத்தத்தை மட்டும் எடுத்துடுவார். நான் போன்ல சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம்.”

“தப்பு மெஷின்ல. பாட்டை எதுக்கும்மா வெட்டணும்?”

“தப்பு எதுல வேணும்னாலும் இருக்கட்டும் சார். அவங்க தூங்கணும்ல. எங்க அம்மாவும் நைட் டியூட்டிதான். எனக்குத் தெரியும்.”

ஆய்வாளர் காகிதத்தை வாங்கிக்கொண்டார். சற்று முன்பு தன்மேல் புகார் எழுதுவேன் என்று சொன்னவர் வீட்டுத் தூக்கத்துக்காக, சாப்பாட்டு இடைவேளையில் செருப்புத் தேய ஓடி வந்த பெண் அவள். கடவுள் சில பேரைக் கடைகளில் மேசைக்குப் பின்னால் நிற்க வைத்திருக்கிறார். நாம் தராசைப் பார்க்கிற மும்முரத்தில் அவர்களைப் பார்ப்பதில்லை. ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். “நன்றிம்மா” என்று சொல்ல நினைத்தார். “வெயில்ல ஓடாதே” என்று மட்டும் வாயில் வந்தது.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு மாடிக் கட்டடத்தின் பின்புறம் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. அந்த அண்ணன் கணினித் திரையைக் காட்டினார்.

“மேல மெல்லிசா ஓடுது பாருங்க, அதான் பாட்டு. கீழ மலை மலையா நிக்குது பாருங்க, அதான் உங்க சத்தம்.”

“கேக்காமலே சொல்றீங்களே தம்பி?”

“கேட்டா குழப்பம் சார். பாத்தாத்தான் தெளிவு. வரிசையா இன்னும் எத்தனையோ வேலை கிடக்கு. தங்கச்சி சொன்னாளேன்னுதான் உடனே எடுத்தேன்.”

அவர் மலைகளை ஒவ்வொன்றாகச் செதுக்கித் தள்ளினார். கடைசியில் திரையில் மெல்லிய ஓடை மட்டும் மிஞ்சியது. ஆய்வாளர் ஹெட்போனில் கேட்டார். பெண்குரல், குழல், அடியில் சுத்தமான அமைதி. துடைத்து வைத்த பித்தளைத் தட்டு போல இருந்தது. அவர் மனம் குளிர்ந்தது.

“பழையதையும் ஒரு ஓரமா வச்சுக்கறீங்களா சார்? எதுக்கும் இருக்கட்டும்.”

“எதுக்கு? அந்தச் சனியன் எந்த மூலையிலயும் இருக்கக் கூடாது. கார்டுலேருந்தும் எடுங்க, உங்க கம்ப்யூட்டர்லேருந்தும் எடுங்க. என் கண் முன்னாலயே எடுங்க.”

“அழிச்சா திரும்பி வராது சார்.”

“அதான் வேணும்.”

அவர் கண் முன்னாலேயே அழிக்கப்பட்டது.

மனைவி ஊருக்குக் கிளம்பும் நாள். மாலையில் வண்டி வரும். மதியச் சாப்பாடு முடிந்ததும் மைத்துனி வந்துவிட்டாள். மனைவிக்கு இளையவள், தையற்கடை வைத்திருப்பவள். பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து அதை மூடுவதற்காகவே தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வாளர் இரண்டு கையாலும் கறுப்புப் பெட்டியை ஏந்திக்கொண்டு அறைக்குள் வந்தார்.

“இதென்ன அத்தான், அக்காவுக்குக் கிரீடமா?” என்றாள் மைத்துனி, ஹெட்போனைப் பார்த்துவிட்டு.

“நீ சும்மா இரு. இந்தாம்மா. போட்டுக் கேளு. உன் கார்டுதான்.”

மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முகம் மலரத் தயாராக இருந்தது. கண்ணை மூடினாள். காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பெண்குரல் அறைக்கே கேட்டது.

“அந்தச் சத்தம் எங்கங்க?”

“போயே போச்சு” என்றார் ஆய்வாளர். இத்தனை நாள் கோபத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் சிரித்தார். “ஆளைப் பிடிச்சு, வேரோட எடுத்தாச்சு.”

“பழைய பாட்டு?”

“அழிச்சாச்சு. எங்கயுமே கிடையாது. இனிமே உன்னை அது அண்டாது.”

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். அதன் ஒயரை மெதுவாகச் சுற்றினாள். கணவர் அத்தனை தடவை கடை ஏறி இறங்கியது அவளுக்குத் தெரியும்.

“ரொம்ப நல்லா இருக்குங்க” என்றாள். “உங்களுக்குத்தான் எவ்வளவு அலைச்சல்.”

எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

மைத்துனி பெட்டியிலிருந்து இறங்கி அக்காவின் பின்னாலேயே போனாள். ஆய்வாளர் கட்டிலுக்கும் சன்னலுக்குமாக நடந்தார். ஆறியிருந்த கோபம் காலிலிருந்து மேலே ஏறியது. இந்த உலகத்தில் ஒருவருக்கு நல்லது செய்து முடிப்பது எவ்வளவு கஷ்டம். கடைக்காரன் மதிப்பதில்லை, எழுத்தர் சிரிக்கிறார், ஒரு பைத்தியக்காரன் கோளாறை ஞானி என்கிறான். கடைசியில் கட்டிய மனைவியும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள்.

மைத்துனி திரும்பி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

“உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்றார் ஆய்வாளர். “பாட்டு தங்கம் மாதிரி இருக்கு. எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டேன் தெரியுமா? ஒரு பொண்ணு வேலைக்கே உலை வைக்கப் பாத்தேன். எதுக்கு? ஒரு வருஷம் இவ நிம்மதியா தூங்கணும்னுதானே?”

“அதுக்குத்தான் அழறா. இனிமே தூக்கம் வராதாம்.”

“ஏன் வராது? பாட்டுல என்ன குறை? சொல்லு. இப்பவே போய் இன்னொரு மெஷின் மாத்திட்டு வரேன்.”

“பாட்டுல ஒரு குறையும் இல்லை அத்தான்.”

“அப்ப மெஷின்லயா?”

“மெஷின்லயும் இல்லை.”

“சொல்லாதடி” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “அவர் மனசு சங்கடப்படும். இத்தனை வருஷம் சொல்லாம இருந்துட்டேன், விடு.”

மைத்துனி சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சிவந்த முகத்தோடு நடு அறையில் நின்றவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் கைப்பேசியை எடுத்தாள்.

“அக்கா அன்னைக்குப் பதிவு பண்ணினது பாட்டை இல்லை அத்தான், ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாற்காலியில தூங்கிட்டிருந்த உங்க குறட்டையை, ரேடியோ பக்கத்துல அது பாட்டுக்குப் பாடிட்டிருந்துச்சு, அவ்வளவுதான். வண்டி வர இன்னும் நேரம் இருக்கு, நான் மறுபடி பதிவு பண்ணித் தர்றேன், கோவத்தை விட்டுட்டுப் போய்ப் படுங்க.”